ஒளிக்கும் தோல், பற்றும் கால்

மடகாஸ்கர் தீவைப் பற்றி 1658இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நூலொன்றில் ஒரு பல்லி வருகிறது. எழுதியவர் எத்தியென் த ஃப்ளாக்கூர். தீவின் தென்கிழக்கு முனையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியிருந்த டோஃபின் கோட்டைக்கு 1648 முதல் 1655 வரை ஆளுநராக இருந்தவர். அந்தப் பல்லி மரப்பட்டையோடு ஒட்டிக் கிடக்கும், இருப்பதே தெரியாது என்கிறார். யாராவது மரத்தை நெருங்கினால் மார்பின் மேல் பாய்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு சவரக்கத்தியால் தோலை அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். எப்படி ஒட்டுகிறது என்பதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. மோவாய், கழுத்து, கால், வால் என உடலின் ஓரமெங்கும் சிறு பாதங்கள் போன்ற உறுப்புகள் இருக்கின்றன, அவற்றால்தான் மரத்தைப் பற்றுகிறது என்பது அந்த விளக்கம்.

யூரோப்ளேட்டஸ் ஃபிம்ப்ரியேட்டஸ் என்ற இலைவால் பல்லியாக அதை இன்று அடையாளம் காண்கிறார்கள். சுமார் ஒரு அடி நீளம் வளரும். யார் மார்பிலும் பாய்வதில்லை. சீண்டினால் வாயை அகலத் திறந்து சிவந்த உட்புறத்தைக் காட்டி மிரட்டும், அவ்வளவுதான். பயம் சேர்த்த மிகையைக் கழித்துவிட்டால் ஃப்ளாக்கூர் சொன்ன இரண்டும் உண்மையே: அது கண்ணுக்குத் தெரியாது, பிடித்த பிடியை விடாது. அந்த இரண்டையும் ஒரே உறுப்பின் வேலை என்று நினைத்ததில்தான் அவர் தவறினார். ஓரத்து மடல்கள் ஒளிவதற்கு. பற்றுவதோ விரல்களின் அடிப்பக்கம்.

ஒளிவதும் பற்றுவதும் ஒரே உடலில் எப்படிச் சேர்ந்தன? ஒன்றில்லாமல் மற்றது நிலைக்குமா? மடகாஸ்கருக்குள்ளேயே நின்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். அங்கே இன்னொரு இலைவால் பல்லிக் கூட்டம் வாழ்கிறது. அதே தட்டை உடல், அதே அகன்ற வால், அதே பட்டை நிறம். விரலடியில் ஒட்டும் மெத்தை மட்டும் கிடையாது. இயற்கையே இப்படி ஒரு சோதனையை நடத்தி வைத்திருக்கும்போது அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

தோலில் இருந்து தொடங்குகிறேன். மடகாஸ்கர் இனங்களில் மிக வியப்பானது யூரோப்ளேட்டஸ் ஃபேன்டாஸ்டிகஸ். 1888இல் விலங்கியலாளர் பூலாஞ்சே பெயரிட்டு விவரித்த சிறிய பல்லி. கிழக்கு மழைக்காடுகளில் வாழ்கிறது. முதுகின் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அது இலையின் நடுநரம்பு. அதிலிருந்து இரு பக்கமும் மெல்லிய வரிகள் பிரிகின்றன. வால் தட்டையாக, உலர்ந்த இலையின் அதே வளைவோடு இருக்கிறது. வாலின் விளிம்பு பூச்சி அரித்தது போல் அங்கங்கே குறைந்திருக்கிறது. ஆணின் வாலில் இந்தக் குறைவுகள் அதிகம். கண்ணுக்கு மேல் கூரான சிறு நீட்சி. கால்கள் காய்ந்த காம்பு போல மெலிந்தவை. நிறமோ பல்லிக்குப் பல்லி மாறும்: ஒன்று மஞ்சளோடிய பழுப்பு, இன்னொன்று செம்பழுப்பு, வேறொன்று கறுத்து மக்கத் தொடங்கிய இலையின் சாம்பல். எல்லாம் ஒரே இலையைப் போல இருந்திருந்தால், ஒன்றைக் கண்டுபிடித்த பறவை மற்றதையும் தேடப் பழகியிருக்கும். உதிர்ந்த இலைகளில் இரண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. இந்தப் பல்லிகளும் அப்படியே.

ஃபிம்ப்ரியேட்டஸ் இலையாவதில்லை, மரமாகிறது. பகல் முழுவதும் தண்டில் தலைகீழாக, அப்படியே படிந்து கிடக்கும். எவ்வளவு நல்ல நிறமும் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு: நிழல். உருண்ட உடல் பட்டையின் மேல் படுத்தால் ஓரத்தில் ஒரு கரிய கோடு விழும். அந்தக் கோட்டை வைத்தே கண் உருவத்தைப் பிடித்துவிடும். ஃப்ளாக்கூர் பாதங்கள் என்று நினைத்த தோல் மடல்களின் வேலை இங்கேதான். மோவாயின் ஓரத்திலும் விலாவிலும் கால்களின் விளிம்பிலும் அவை விரிந்து பட்டையின் மேல் படிந்துவிடுகின்றன. உடல் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல நிழலே மிஞ்சுவதில்லை. இதே யூரோப்ளேட்டஸ் பேரினத்தில் பாசி படர்ந்த பட்டையைப் போன்ற சிக்கோரே உண்டு. மூங்கில் தண்டின் நீளக் கோடுகளை அணிந்த லினியேட்டஸ் உண்டு. ஒவ்வொன்றும் காட்டின் ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டது போல இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் முதலில் பதிவானது பில்லூரஸ் பிளாட்டூரஸ். சிட்னி வட்டாரத்து மணற்கல் பாறைகளில் வாழ்வது. 1790இல், அறுவை மருத்துவர் ஜான் வைட்டின் பயண நூலிலேயே இடம்பெற்றுவிட்டது. வடக்கே, குயின்ஸ்லாந்தின் ஈரக் காடுகளில் அதன் பெரிய உறவான சால்ச்சுவேரியஸ் கோர்னூட்டஸ் மரத்தண்டுகளில் வாழ்கிறது. மிக அண்மையில் தெரியவந்தவற்றுள் ஒன்று சால்ச்சுவேரியஸ் எக்ஸிமியஸ். குயின்ஸ்லாந்தின் கேப் மெல்வில் மலைத்தொடரின் உச்சி முழுக்கக் கருங்கல் பாறைகள் குவிந்து கிடக்கின்றன, கார் அளவிலும் வீட்டளவிலும். அவற்றின் மேலே ஒரு சிறு மழைக்காடு. 2013 மார்ச்சில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் கான்ராட் ஹாஸ்கினும் ஒளிப்படக்காரரும் உயிரியலாளருமான டிம் லாமனும் ஹெலிகாப்டரில் அங்கே இறங்கினார்கள். சுமார் 20 செ.மீ. நீளமுள்ள இந்தப் பல்லி கிடைத்தது. நீண்ட மெல்லிய கால்கள், இருட்டுக்கேற்ற பெரிய கண்கள். அதே பயணத்தில் புதிய அரணை ஒன்றும் தவளை ஒன்றும் கூடக் கிடைத்தன.

இவற்றின் தோலில் மடல்களைவிட முள் போன்ற புடைப்புகளே அதிகம். விலாவும் வாலோரமும் பொடிப்பொடியாக எழும்பி, கல்லின் சொரசொரப்பையும் பட்டை மேல் படரும் பாசியையும் ஒத்திருக்கும். வால் அறுந்து மீண்டும் வளர்ந்தால் அந்தப் புடைப்புகள் பழையபடி வருவதில்லை. புது வால் வழவழப்பாக இருக்கும். காட்டில் பார்த்ததும் எது பழைய வால், எது புதியது என்று சொல்லிவிடலாம்.

நேரத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ஃபிம்ப்ரியேட்டஸ் பகலில் திறந்த தண்டிலேயே உறங்குகிறது. அதற்கு மாறுவேடம் உறக்கத்தின் காவல். எக்ஸிமியஸ் பகலைப் பாறை இடுக்கில் கழித்துவிட்டு, இரவில் பாறை மேலும் மரத்தின் மேலும் தலைகீழாக அமர்ந்து, கடந்து போகும் பூச்சியையும் சிலந்தியையும் எதிர்பார்த்து அசையாமல் இருக்கிறது. அங்கே மாறுவேடம் வேட்டைக்கும் உதவுகிறது. ஒரே உடை போல் தெரிந்தாலும் அணியும் வேளை வேறு.

இரண்டுக்கும் பொதுவானது அசையாமை. ஒளிந்த உயிர் அசைந்தால் வேடம் கலைந்துவிடும். செங்குத்தான தண்டில், தலை கீழாக, மணிக்கணக்கில், தசை நடுங்காமல் நிற்பது எப்படி? தோலின் கேள்வி இந்த இடத்தில் காலின் கேள்வியாகிவிடுகிறது.

நம் வீட்டுப் பல்லி ஜன்னல் கண்ணாடியில் நிற்கும்போது மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு விரலின் அடியிலும் வெளிறிய குறுக்கு வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் பிளவுபட்டு இரண்டு வரிசையாகத் தெரியும். யூரோப்ளேட்டஸின் விரல் நுனிகளும் இதே தத்துவத்தில் விசிறி போல அகன்றவை. அந்த வரிகளுக்குள்தான் ரகசியம் இருக்கிறது. அதைத் திறக்க மனிதர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

பிசின் என்றால் விரலில் பிசின் சுரப்பி இல்லை. காற்றை உறிஞ்சிப் பிடிக்கிறதென்றால், டெல்லிட் என்ற ஜெர்மானியர் 1934இல் வெளியிட்ட சோதனைகளில் காற்றை வெளியேற்றிய பின்னும் பிடி இருந்தது. நிலைமின்னூட்டமாக இருக்குமோ என்று எக்ஸ்ரே செலுத்தி மின்னூட்டத்தைக் கலைத்தும் பார்த்தார்; அப்போதும் விழவில்லை. 1965இல் ரூயிபாலும் எர்ன்ஸ்ட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விரலடியைப் பார்த்தபோது, ஒவ்வொரு வரியிலும் நிறைந்திருக்கும் நுண்மயிர்களின் நுனிகள் தட்டையாக முடிவது தெரிந்தது. அளவுகளை நினைத்துப் பார்க்கவே திகைப்பாக இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் பெரிய டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் ஐந்து லட்சம் மயிர்களுக்குக் குறையாது. ஒரு மயிர் 100 மைக்ரான் அளவு நீளம். அதன் நுனி நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. கிளையின் தட்டை முனை சுமார் 200 நானோமீட்டர் அகலம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது.

2000இல் கெல்லர் ஆட்டமும் உடன் ஆய்வாளர்களும் ஒற்றை மயிரைப் பிரித்தெடுத்து அதன் பிடியை அளந்தார்கள். சுமார் 200 மைக்ரோநியூட்டன். ஓர் எறும்பைத் தூக்கப் போதும். எல்லா மயிரும் ஒரே நேரத்தில் முழுதாய்ப் பற்றினால் கணக்குப்படி 130 கிலோ தாங்கும், பல்லியின் எடையோ 50 கிராம் அளவுதான். 2002இல் அதே குழு அந்தப் பிடியின் காரணத்தையும் காட்டியது. நீரை ஈர்க்கும் பரப்பிலும் நீரை விலக்கும் காலியம் ஆர்செனைடு பரப்பிலும் மயிர் ஏறத்தாழ ஒரே பலத்தோடு ஒட்டியது. ஈரப்படலமே முதன்மைக் காரணமாக இருந்தால் இரண்டிலும் பிடி வேறுபட்டிருக்க வேண்டும். மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது அவற்றுக்கிடையே தோன்றும் வாண்டர் வால்ஸ் ஈர்ப்புதான் முதன்மை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு ஈர்ப்பும் அற்பம். கோடிக்கணக்கில் சேரும்போதுதான் பலம். காற்றின் ஈரப்பதமும் பிடியைக் கூட்டுகிறது என்று பின்னர் வந்த அளவீடுகள் காட்டின.

இவ்வளவு பலமாக ஒட்டினால் எடுப்பது எப்படி? மயிர்கள் திசை அறிந்தவை. மெல்ல அழுத்தி, சில மைக்ரான் தூரம் உடலை நோக்கி இழுத்தால்தான் பற்றும். மயிருக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் 30 டிகிரியை எட்டியதும் விட்டுவிடும். பல்லி விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டுவது அதற்காகத்தான். ஒட்டுநாடாவை ஓரத்தில் பிடித்து உரிப்பதைப் போல. விநாடியில் நூறில் சில பங்கிலேயே கால் விடுபடுகிறது.

இந்தப் பிடிக்கு உழைப்பே வேண்டியதில்லை என்பதுதான் ஒளியும் பல்லிக்கு உயிரான செய்தி. கலிபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தில் 2014இல் செய்த ஆய்வொன்றில், இறந்த பல்லியின் பாதமும் உயிரோடிருந்தபோது காட்டிய அதே பலத்தோடு பற்றியது. பிடிப்பைத் தருவது தசையின் முயற்சி அல்ல, மயிர்களின் அமைப்பும் உடலின் எடையுமே. பகல் முழுக்க அசையாமல் தண்டில் கிடப்பது ஃபிம்ப்ரியேட்டஸுக்கு முடிகிறது என்றால் இந்த உழைப்பற்ற பிடியும் அதில் பங்குகொள்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இழுவை சரியான திசையில் இருக்க வேண்டும். தலைகீழாக நிற்கும்போது எடை எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால் பின்னங்காலைத் திருப்பி, விரல்கள் வாலை நோக்கி மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்கின்றன. தலைகீழாக உறங்கும் இலைவால் பல்லியின் எந்த நல்ல படத்திலும் இதைக் காணலாம். நம் சுவரில் தலைகீழாக இறங்கும் பல்லியிடமும் காணலாம்.

மழைக்காட்டில் இன்னொரு தொல்லை, தண்ணீர். நனைந்த கண்ணாடியில் டோக்கே பல்லியின் பிடி வெகுவாகக் குறைகிறது. மயிர் நுனிக்கும் பரப்புக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துவிடுகிறது. ஆனால் ஆக்ரன் பல்கலைக்கழகக் குழு 2013இல் காட்டியபடி, நீரை ஒட்டவிடாத பரப்பென்றால் நீருக்குள்ளும் பிடி தளரவில்லை. உலர்ந்த டெஃப்லானில் நிற்க முடியாத பல்லி நனைந்த டெஃப்லானில் அதைவிட நன்றாகப் பற்றியது. மெழுகு பூசிய இலையும் நீரை ஒட்டவிடாத பரப்புதான். ஆண்டு முழுக்க மழை பெய்யும் காட்டில் வழவழப்பான இலையும் இளந்தண்டும் இந்தக் காலுக்கு எட்டும் இடங்களாகவே இருப்பதற்கு அந்தச் சோதனை நல்ல விளக்கம் தருகிறது.

ஆஸ்திரேலியப் பல்லியிடம் இவை எதுவும் இல்லை. அதன் விரல்கள் நீண்டு மெலிந்தவை, கணுக்கணுவாக மடங்கியவை, நுனியில் வலுவான நகம். விரல் வில்லாக வளைந்து நிற்பதால் நகத்தின் முனை பரப்பின் மேல் ஊன்றுகிறது. கருங்கல்லின் ஒவ்வொரு மணியும், பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் அதற்குப் படி. நகமுனையைவிடப் பெரிய மேடு ஒன்று கிடைத்தால் போதும், அங்கே மாட்டிக்கொள்ளும். கண்ணாடியில் அப்படி ஒன்று இல்லாததால் சிட்னியின் பில்லூரஸால் ஜன்னலில் ஏற முடியாது.

இதைக் குறையுள்ள கால் என்று நான் சொல்ல மாட்டேன். சொரசொரப்பான பாறையில் மயிர்மெத்தை முழுவதும் படிவதில்லை; மேடுகளின் உச்சியில் மட்டும் தொடும், பள்ளங்கள் வீணாகும். நகமும் மெத்தையும் இரண்டும் உள்ள பல்லிகளில்கூடக் கரடான பரப்பில் நகம் பெரும்பங்கு ஏற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளில் வாழும் நெமாஸ்பிஸ் என்ற சிறு பல்லிகளையும் இங்கே நினைக்கலாம். அவற்றுக்கும் மெத்தை கிடையாது, நகம்தான். அதை வைத்தே பாறை முகங்களிலும் மரத்தண்டுகளிலும் ஏராளமான இனங்களாகப் பெருகியிருக்கின்றன.

இவ்வளவு ஒத்த தோற்றம் உறவால் வந்ததோ என்று சந்தேகம் எழலாம். இல்லை. யூரோப்ளேட்டஸ் நம் வீட்டுப் பல்லியின் குடும்பமான கெக்கோனிடேவைச் சேர்ந்தது. ஆஸ்திரேலிய இலைவால்கள் கார்ஃபோடாக்டைலிடே. டைனோசர்கள் உலவிய காலத்திலேயே இரண்டின் முன்னோரும் பிரிந்துவிட்டார்கள். முட்டையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். மடகாஸ்கர் பல்லியின் முட்டை உருண்டையாகச் சுண்ணாம்பு ஓட்டோடு இறுகியிருக்கும். ஆஸ்திரேலியப் பல்லியின் முட்டை தோல் போல மெத்தென்றிருக்கும். உறவு நெருக்கமல்ல, வாழ்க்கை நெருக்கம். செங்குத்துப் பரப்பில் அசையாமல் கிடக்கும் வாழ்க்கைதான் இருவேறு உடல்களைத் தட்டையாக்கி, வாலை இலையாக்கியது.

காலைப் பொறுத்தவரை பரிணாமம் இன்னும் தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது. டோனி கேம்பிளும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் பல்லிகளின் வம்சமரத்தை ஆராய்ந்து, ஒட்டும் மெத்தை 11 முறை தனித்தனியாகத் தோன்றியது, 9 முறை இழக்கப்பட்டது என்று மதிப்பிட்டார்கள். அத்தனை அற்புதமான உறுப்பை இழந்தும் பிழைக்க முடியும் என்பதே, அது எல்லா இடத்துக்கும் வேண்டியதல்ல என்பதற்குச் சான்று. மணலில் ஓடும் பல்லிக்கு அது தேவையில்லை.

ஆக, ஒளிவதற்கு ஒட்டும் கால் கட்டாயமில்லை. நகத்தோடும் அதே வேடம் போட முடியும் என்று ஆஸ்திரேலியா காட்டிவிட்டது. ஆனால் எந்த வேடம் என்பதில் காலின் கை இருக்கிறது. நகம் பற்ற ஏதாவது கரடு வேண்டும். அதனால் ஆஸ்திரேலியப் பல்லிகள் கல்லாகவும் பட்டையாகவுமே ஆகியிருக்கின்றன. மெத்தைக்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கரடான தண்டு, வழவழப்பான மூங்கில், மெல்லிய கொம்பு, தொங்கும் சருகு என எதன் மேலும் நிற்கலாம், எனவே எதுவாகவும் ஆகலாம். யூரோப்ளேட்டஸ் ஒரே பேரினத்துக்குள் இத்தனை வேடங்களைப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஃபேன்டாஸ்டிகஸின் கால் எங்கும் போகும். தோல் போக விடாது. சருகு உதிரும் ஈரக் காடு இல்லாத இடத்தில் அந்த உடல் வெறும் பல்லி, பறவைக்கு எளிய இரை. கிழக்கு மடகாஸ்கரில் மலைச்சரிவுகளின் காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கிறார்கள்; காடு துண்டுதுண்டாகிறது. அழகுக்காகப் பிடித்து விற்பதும் சேர்ந்துகொண்டதால் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு 2004இல் பாங்காக்கில் கூடியபோது யூரோப்ளேட்டஸ் பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. பிறகும் புதிய இனங்கள் தெரியவந்தபடியே இருக்கின்றன. 2023இல் வட மடகாஸ்கரிலிருந்து கராமாசோ விவரிக்கப்பட்டது. ஹென்கெலி என்ற இன்னொன்றைப் போலவே தோற்றம். வாலின் அகலமும் வாயின் உட்புற நிறமும் பிரித்துக் காட்டின. தேடிப் போனவர்களின் கண்ணையும் அந்தத் தோல் நெடுநாள் ஏமாற்றியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நிலைமை இரண்டு விதம். எக்ஸிமியஸ் கேப் மெல்வில் உச்சியின் பாறைக் காட்டை விட்டு வேறெங்கும் கிடையாது. கீழே வெப்பமும் வறட்சியும் சூழ்ந்திருக்க, அந்த ஈரமான மேட்டுக்குள்ளேயே அது அடைபட்டிருக்கிறது. ஸ்காஃபெல் என்ற சிறு தீவில் மட்டும் வாழும் இன்னொரு இனத்தையும் 2023இலேயே விவரித்தார்கள். ஆனால் மணற்கல்லோடு வாழ்ந்த சிட்னியின் பில்லூரஸ், ஊர் பெருகியபோது ஊருக்குள்ளேயே இடம் கண்டது. செங்கல் சுவர் அதன் நகத்துக்கு மணற்கல்லைப் போலவே கரடு. அதன் சாம்பல் பழுப்புத் தோலுக்கும் பொருத்தம். கார் நிறுத்தும் கொட்டகைகளிலும் வீட்டின் அடித்தளச் சுவர்களிலும் இன்றும் அதைப் பார்க்கிறார்கள். கண்ணாடியில் ஏறத் தெரிந்த ஃபேன்டாஸ்டிகஸுக்கு நகரத்தில் இடமில்லை. ஏறத் தெரியாத பில்லூரஸுக்கு இருக்கிறது.